கழிவுக்கு முந்திய முடிவு

ஒரு மருத்துவமனையின் கழிவு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்குச் சட்டமும் நிர்வாகமும் நாளிதழ்ச் செய்திகளும் தரும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: குப்பைக்கூடையில். ஊசி எந்த நிறத் தொட்டிக்குள் விழுந்தது, பை எந்த வண்டியில் ஏறியது, வண்டி எந்த ஊரின் எல்லையில் கவிழ்க்கப்பட்டது என்பவையே விவாதத்தின் பொருளாகின்றன. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின் அண்டை மாநிலத்து லாரிகள் வந்து அதை அள்ளிச் சென்றதும் அத்தகைய விவாதத்துக்கு அண்மைக்காலச் சான்று. அப்போது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் திரும்பிச் சென்ற லாரியோடு முடிந்துபோகும் கோபம், அந்த மூட்டைகளில் அவ்வளவு பொருள் ஏன் சேர்ந்தது, அவற்றுள் எவை இல்லாமலே சிகிச்சை செம்மையாக நடந்திருக்கும் என்று கேட்பதில்லை. கழிவைக் குறைப்பது பற்றிய சிந்தனை தொடங்கவேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.

நோயாளிகளைப் பரிசோதித்தல், சிகிச்சையளித்தல், தடுப்பூசி போடுதல், ஆய்வுக்கூடப் பணி ஆகியவற்றால் உண்டாகும் கழிவே உயிரிமருத்துவக் கழிவு. இந்தியாவில் இதற்கான முதல் விதிகள் 1998இல் வந்தன. 2016இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, பிரித்தல் நான்கு நிறங்களாகச் சுருக்கப்பட்டது. உடற்பகுதிகள், குருதி தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சள் பைக்கும், குழாய்கள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள், கையுறைகள் போன்ற மாசுபட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கும், ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைக் கொள்கலத்துக்கும், கண்ணாடிப் பொருள்கள் நீலப் பெட்டிக்கும் செல்லவேண்டும். மஞ்சளில் உள்ளது பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. சிவப்பில் உள்ளது நீராவியால் கிருமிநீக்கம் செய்யப்பட்டுத் துண்டாக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகிறது. பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும், ஒவ்வொரு பையும் பட்டைக்குறியீட்டால் கண்காணிக்கப்படவேண்டும் என்பதும் அவ்விதிகளின் கூறுகள்.

இவ்விதிகளின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவே. எஞ்சிய 15 விழுக்காடுதான் தொற்றோ நச்சோ கதிர்வீச்சோ கொண்டது. குருதி தோய்ந்த பஞ்சு ஒன்று அட்டைப்பெட்டிகளும் காகித உறைகளும் கிடக்கும் கூடையில் விழுந்தால் கூடை முழுவதும் அபாயக் கழிவாகிவிடுகிறது. எரிக்கவேண்டியதன் எடை பெருகுகிறது. எரிப்பதும் எளிய தீர்வன்று. பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் போதிய வெப்பமில்லாமல் எரியும்போது டயாக்சின் என்னும் நச்சுச் சேர்மங்கள் உருவாகி மண்ணிலும் பாலிலும் மீனிலும் தங்குகின்றன. ஆகவே சரியாகப் பிரிப்பது அடிப்படைக் கடமை. ஆயினும் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் பொருளின் அளவு அதனால் குறைவதில்லை. அளவைத் தீர்மானிப்பவர் கூடையின் அருகே நிற்கும் துப்புரவுப் பணியாளர் அல்லர். மருந்துச்சீட்டை எழுதும் மருத்துவரும், உறையைப் பிரிக்கும் செவிலியரும், ஒப்பந்தப்புள்ளியை வரையும் கொள்முதல் அதிகாரியுமே அதைத் தீர்மானிக்கிறார்கள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வழக்கம் மருத்துவத்துக்குள் எப்படி வந்தது என்பதை நேர்மையாக நினைவுகூராமல் அதை மாற்றுவது பற்றிப் பேசுவது பொறுப்பற்றதாகும். 1867இல் ஜோசப் லிஸ்டர் காயங்களில் கிருமிநாசினியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஷார்ல் ஷம்பர்லான் அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவை உருவாக்கினார். அதன்பின் நெடுங்காலம் அறுவை அரங்கின் பொருள்கள் துணி, கண்ணாடி, எஃகு, ரப்பர் ஆகியவற்றால் ஆனவையாகவே இருந்தன. அவை துவைக்கப்பட்டன, கொதிக்கவைக்கப்பட்டன, மீண்டும் பயன்பட்டன. அந்த முறை ஒழுங்காக நடந்த இடங்களில் பாதுகாப்பாகவே இருந்தது. ஒழுங்கு தளர்ந்த இடங்களில் பேரழிவை விளைவித்தது. எகிப்தில் 1950கள் முதல் 1980கள் வரை நத்தைகள்வழிப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க நடந்த பெரும் ஊசி இயக்கத்தில், சரியாகக் கிருமிநீக்கப்படாத கண்ணாடிச் சிரிஞ்சுகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஹெபடைட்டிஸ் சி வைரஸைக் கொண்டுசென்றன. அந்நாடு உலகிலேயே அந்நோய் மிகுந்த நாடுகளுள் ஒன்றானது. 2009இல் குஜராத்தின் மொடாசா பகுதியில் பரவிப் பல உயிர்களைக் கொன்ற ஹெபடைட்டிஸ் பி, சிரிஞ்சுகளின் மறுபயன்பாட்டோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது.

எனவே சிரிஞ்சும் ஊசியும் ஒருமுறைக்கே என்ற விதி உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம். அதில் தளர்வுக்கு இடமில்லை. பிழை நேர்ந்த இடம் வேறு. 1980களில் எச்ஐவி பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியபோது, சிரிஞ்சுக்குரிய நியாயம் அதற்குச் சற்றும் தொடர்பில்லாத பொருள்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அறுவை அங்கி, விரிப்பு, சிறுநீரக வடிவக் கிண்ணம், கத்தரிக்கோல், இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை என ஒவ்வொன்றுக்கும் எறியத்தக்க வடிவம் ஒன்று சந்தைக்கு வந்தது. கழுவிக் கிருமிநீக்கும் ஆட்களும் இயந்திரங்களும் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட்டன, எறியப்பட்டவை போய்ச்சேரும் நிலமும் காற்றும் எந்தக் கணக்கிலும் சேர்க்கப்படவில்லை.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு தூய்மை தேவை என்பதற்கு மருத்துவ அறிவியலுக்குள்ளேயே நெடுநாளாக ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஏர்ல் ஸ்பால்டிங் வகுத்த அப்பாகுபாடு மருத்துவப் பொருள்களை மூன்றாகப் பிரிக்கிறது. உடலுக்குள் திசுவையோ குருதியையோ தொடுபவற்றில் எந்த நுண்ணுயிரும் எஞ்சியிருக்கக் கூடாது. வாய், தொண்டை, குடல் முதலியவற்றின் ஈரச்சவ்வை மட்டும் தொடுபவற்றுக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் போதும். பிளவுபடாத தோலை மட்டும் தொடுபவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்தாலே போதும். இந்த அளவுகோலின்படி பார்த்தால், தோலுக்கு மேல் சுற்றும் கைப்பட்டையை ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகப் பிரித்து எறிவதற்குப் பொதுவாக அறிவியல் காரணம் கிடையாது. பழக்கமும் அச்சமும் விற்பனையும் கூடி அமைத்த வழக்கம் அது. ‘பாதுகாப்பு’ என்ற பெயரைச் சூடிக்கொண்டதால் கேள்விக்கு உட்படாமல் நிலைத்துவிட்டது.

இவ்வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் வலுவான சான்று ஒன்று மதுரையில் பிறந்தது. அயன்வடமலாபுரத்தில் 1918இல் பிறந்து, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் கண் அறுவையில் தேர்ந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப்பணி ஓய்வுக்குப் பின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது அதன் நோக்கம். கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டே செலுத்த இயலாதோருக்கும் சிகிச்சை தருவது அதன் வழி. சுற்றுச்சூழல் என்ற சொல் அந்த நோக்கத்தில் இடம்பெறவில்லை. ஆனால் கண்புரையால் பார்வை இழந்த எளியோர் இலட்சக்கணக்கில் காத்திருக்கையில், ஓர் அறுவைக்கு ஆகும் நேரத்திலும் பணத்திலும் பொருளிலும் வீணாகும் ஒவ்வொரு துளியும் அடுத்தவருக்குச் சேரவேண்டிய பார்வையிலிருந்து கழிகிறது என்ற உணர்வு அங்கே பணிமுறையாகவே உருவெடுத்தது.

அந்தப் பணிமுறையைச் சற்று அருகிருந்து காண்பது தகும். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். நடுவில் திரும்பக்கூடிய நுண்ணோக்கி. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியின் கண் தூய்மை செய்யப்பட்டு, விரிப்பு போர்த்தப்பட்டு, கருவித்தட்டு வைக்கப்பட்டுவிடுகிறது. முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்புகிறது. எஃகுக் கருவிகள் பல தொகுதிகளாக இருப்பதால், ஒரு தொகுதி பயன்பட்டுக்கொண்டிருக்கையில் முன்னது குறுகிய நேர நீராவிச் சுழற்சியில் கிருமிநீக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. அங்கிகளும் தொப்பிகளும் துணியாலானவை. துவைக்கப்பட்டு மீண்டும் பயன்படுபவை. கண் சொட்டுமருந்துக் குப்பியின் முனை கண்ணைத் தொடாமல் பிடிக்கப் பழகிய பணியாளர்கள் இருப்பதால், ஒரு குப்பி தீரும்வரை பலருக்குப் பயன்படுகிறது. மருத்துவரின் கையுறைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் எறியப்படாமல் இடையிடையே கிருமிநாசினியால் தூய்மை செய்யப்படுகின்றன. கண்புரையை மீயொலியால் பொடித்து உறிஞ்சும் பேகோ முறையோடு, இயந்திரத்தின் துணையின்றிச் சிறு கீறல்வழி கையால் புரையை நீக்கித் தையலும் போடாமல் முடிக்கும் முறையும் பெருமளவில் கையாளப்படுகிறது; அதற்குத் தேவைப்படும் எறிபொருள்கள் இன்னும் குறைவு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி எளியோருக்கு எட்டாத விலையில் விற்றபோது, அதை உள்நாட்டிலேயே செய்வதற்காக 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது.

இவற்றின் விளைவை 2017இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. வாழ்வுச்சுழற்சி மதிப்பீடு, அதாவது ஒரு பொருளின் மூலப்பொருள் தோண்டப்படுவது முதல் அது எரிக்கப்படுவதோ புதைக்கப்படுவதோ வரை உண்டாகும் சூழல் பாதிப்பையெல்லாம் கூட்டிப் பார்க்கும் முறை, அதில் பயன்படுத்தப்பட்டது. அரவிந்தில் ஒரு பேகோ அறுவையால் ஏறத்தாழ 250 கிராம் கழிவும், 6 கிலோ கரியமிலவாயுவுக்கு நிகரான பசுங்குடில் வாயுக்களும் உண்டாவதாக அது கண்டது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் அதே அறுவைக்கு 2013இல் வெளியான வாயு வெளியீட்டுக் கணக்கு ஏறத்தாழ 180 கிலோ; அதில் பாதிக்கு மேல் பொருள் கொள்முதலோடு தொடர்புடையது. இரு ஆய்வுகளின் கணக்கிடும் முறையும் ஒன்றன்று. ஆதலால் இரண்டு எண்களையும் துல்லியமாக ஒன்றோடொன்று வகுப்பது தவறாகும். ஆயினும் முறைசார் வேறுபாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாத இடைவெளி இது.

வீண் குறைந்ததால் தொற்று கூடியதா என்ற கேள்வியே இங்கு உயிர்நாடி. கண் அறுவைக்குப் பின் மிகவும் அஞ்சப்படுவது எண்டாப்தால்மைட்டிஸ் என்னும் உட்கண் தொற்று. சில நாள்களில் பார்வையையே பறித்துவிடக்கூடியது. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த ஏறத்தாழ 6,00,000 கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவுகளின்படி, அறுவையின் இறுதியில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்தாதபோது அந்தத் தொற்று 0.07 விழுக்காடாக இருந்தது, செலுத்தியபோது 0.02 விழுக்காடாகக் குறைந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் எல்லாவற்றையும் புதிதாகப் பிரிக்கும் அமெரிக்காவில் பல இலட்சம் அறுவைகளைத் தொகுத்த பதிவேடு காட்டும் வீதம் 0.04 விழுக்காடு. தொற்றைக் குறைத்தது கூடுதல் பிளாஸ்டிக் அன்று. தன் விளைவுகளைத் தானே எண்ணிக்கொண்டிருந்த மருத்துவமனை, எண்ணிக்கையிலிருந்து கற்றுக்கொண்டு எடுத்த சிகிச்சை முடிவு.

அதே சமயம், அரவிந்தின் பணிமுறையை எங்கும் அப்படியே பெயர்த்து நடக்கூடிய சூத்திரமாகக் கொள்ளவும் கூடாது. சில நிமிடங்களில் முடியும், குருதிப்போக்கு மிகக் குறைந்த, ஒரே வகை அறுவையை நாள்தோறும் செய்யும் அரங்குக்குப் பொருந்துவது, குடலையும் எலும்பையும் திறக்கும் அரங்குக்குப் பொருந்தாது. குப்பியின் முனை எதையும் தொடாமல் பிடிக்கும் கை பயிற்சியால் வருவது. பயிற்சியும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் அதே குப்பி ஆபத்தாகும். ஒரே முறைக்கென வடிவமைக்கப்பட்ட மெல்லிய குழாயைச் செலவு மிச்சம் பிடிப்பதற்காகக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதும், மறுபயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட எஃகுக் கருவியை முறைப்படி கிருமிநீக்குவதும் அறவழியிலும் அறிவியல்வழியிலும் வெவ்வேறு செயல்கள். அரவிந்த் கற்பிக்கும் பாடம் ஒரு நடைமுறைப் பட்டியல் அன்று. எந்தப் பொருளையும் அது தரும் பயனைக்கொண்டு சோதிக்கும் துணிவும், சோதனையின் முடிவை மறைக்காமல் பதிவுசெய்யும் ஒழுங்குமே அப்பாடம்.

அத்தகைய துணிவு செல்வ நாடுகளில் அரிதாக இருப்பதற்கு மருத்துவர்களின் அலட்சியம் காரணமன்று. வட அமெரிக்கக் கண்புரை அறுவை மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நடத்தப்பட்டு 2020இல் வெளியான கணிப்பில் 93 விழுக்காட்டினர் அறுவை அரங்கின் கழிவு மிகையானது என்றே கூறினர். ஆனால் பொருளின் உறைமேல் ‘ஒருமுறைக்கு மட்டும்’ என்று எழுதுபவர் தயாரிப்பாளர். அந்த வரியை மீறினால் வழக்கு வரும் என்று அஞ்சுபவர் மருத்துவமனை நிர்வாகி. வரியை மாற்றவேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. அங்கே கண்புரை அறுவை நடக்கும் நான்கு இடங்களில் செய்யப்பட்ட ஆய்வில், திறக்கப்பட்ட மருந்தின் அளவில் சராசரியாகப் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு பயன்படாமலே எறியப்பட்டது தெரிந்தது. 2022இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி, உரிய முறையில் கையாண்டால் ஒரு சொட்டுமருந்துக் குப்பியைப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று கூட்டு நிலைப்பாடு வெளியிட நேர்ந்தது. மதுரையில் அன்றாட வழக்கமாக இருந்துவந்தது அங்கே அறிவிக்கப்படவேண்டிய சீர்திருத்தமாயிற்று.

அறுவை அரங்கில் கண்ணுக்குத் தெரியாத கழிவும் உண்டு. மயக்க மருந்தாக முகரவைக்கும் வாயுக்களில் மிகச் சிறு பங்கையே உடல் சிதைக்கிறது. எஞ்சியது மூச்சோடு வெளிவந்து, அரங்கிலுள்ளோர் முகராதபடி குழாய்வழி உறிஞ்சப்பட்டு, பெரும்பாலும் நேரே வானில் விடப்படுகிறது. டெஸ்ஃப்ளுரேன் என்னும் வாயு நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. பெரும்பாலான அறுவைகளில் அதற்கு மாற்றாகும் செவோஃப்ளுரேனுக்கு அந்த மடங்கு ஏறத்தாழ 130தான். ஸ்காட்லாந்து 2023இல் தன் பொது மருத்துவத்துறையில் டெஸ்ஃப்ளுரேனை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் மருத்துவக் காரணம் இருந்தாலன்றி அதைத் தடைசெய்துள்ளது. எந்த நோயாளியின் சிகிச்சையிலும் தரம் குறையாமல், மயக்க மருத்துவர் ஒருவர் காலையில் எந்தக் குப்பியை எடுக்கிறார், வாயுவின் ஓட்டத்தை எவ்வளவு தாழ்த்தி வைக்கிறார் என்ற முடிவால் மட்டுமே இத்தனை வேறுபாடு நிகழ்கிறது.

பொது வார்டில் இதே உண்மை வேறு உருவில் தோன்றுகிறது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018இல் தொடங்கிய இயக்கம், கையுறை எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதைச் செவிலியர்களுக்கு நினைவூட்டுவதோடு நின்றது. வாய்வழி மருந்து கொடுப்பதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் கையுறை வேண்டாம், கைகழுவினால் போதும் என்ற எளிய தெளிவால் ஓராண்டில் ஏறத்தாழ 21 டன் பிளாஸ்டிக் குறைந்தது. அவசியமற்ற கையுறை கழிவாவதோடு முடிவதில்லை. அதை அணிந்தவர் தன் கை தூய்மையாக இருப்பதாக நம்பி, ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குக் கிருமியைக் கொண்டுசெல்லவும் அது வழிசெய்கிறது. கழிவைக் குறைத்த செயலே நோயாளியின் பாதுகாப்பையும் கூட்டியது.

தமிழ்நாட்டின் அன்றாட மருத்துவத்தில் இதற்கு ஈடான களம் ஊசியும் ‘குளுக்கோஸ் ஏற்றுவதும்’ ஆகும். காய்ச்சலோ உடல்வலியோ கண்டு வருபவருக்கு ஊசி போடாமல் அனுப்பும் மருத்துவரைச் சுற்றுவட்டாரம் மெச்சுவதில்லை. அசதி என்று வந்தவருக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிடுவது இருதரப்புக்கும் திருப்தியளிக்கும் சடங்காகவே நிலைத்திருக்கிறது. வாய்வழி விழுங்கக்கூடிய நோயாளிக்குப் பாராசிட்டமால் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டால் எஞ்சுவது கையளவு தாளுறை. அதே மருந்து இரத்தக்குழாய்வழி ஏற்றப்பட்டால் பாட்டில், அதன் மூடி, ஏற்றுங்குழாய், கானுலா, அதன் ஊசி, ஒட்டுப்பட்டை, பஞ்சு, கையுறை, இவற்றின் உறைகள் என ஒரு தட்டு நிறைந்துவிடுகிறது. அவற்றுள் ஊசி ஒன்று வெள்ளைக் கொள்கலத்துக்கும் குழாய் சிவப்புக்கும் பஞ்சு மஞ்சளுக்கும் தவறாமல் போய்ச்சேரவேண்டிய பொறுப்பும் உடன் பிறக்கிறது. வளரும் நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் மிகப்பெரும்பாலானவை தடுப்பூசிகள் அல்ல, சிகிச்சை ஊசிகளே என்றும், அவற்றுள் பல தேவையற்றவை என்றும் உலக சுகாதார நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிப்பிட்டிருந்தது. போடப்படாத ஊசிக்குக் கழிவு மேலாண்மை தேவையில்லை.

அறுவை அரங்குகளில் தயார்நிலைத் தொகுப்பு என்றொரு வழக்கமும் பரவியுள்ளது. ஓர் அறுவைக்கு வேண்டியவை, வேண்டியிருக்கலாம் என்று எண்ணப்பட்டவை எல்லாம் ஒரே உறையில் கிருமிநீக்கி அடைக்கப்பட்டு வருகின்றன. உறை பிரிந்த கணத்தில், தொடப்படாத கத்தரிக்கோலும் மடிப்புக் கலையாத துணியும்கூடக் கழிவின் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. பந்தியில் இலையில் விழுந்த பண்டம் உண்ணப்படாவிட்டாலும் அண்டாவுக்குத் திரும்பமுடியாதது போன்றது அது. இதற்கு மருந்து புதிய தொழில்நுட்பம் எதுவுமன்று. ஒரு துறையின் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒன்றாக அமர்ந்து, கடந்த மாதங்களில் அந்த உறையிலிருந்து உண்மையில் எவை பயன்பட்டன என்று பார்த்து, பயன்படாதவற்றை நீக்கித் தனியே வைப்பது போதும்; தேவைப்படும்போது அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.

கழிவின் அளவை நெருக்கடிக் காலம் வெளிச்சமிட்டுக் காட்டியது. கோவிட் பெருந்தொற்றின்போது 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகள் அவையின் கூட்டு முயற்சியால் மட்டும் நாடுகளுக்கு அனுப்பப்பட்ட பாதுகாப்பு உடைகளின் எடை ஏறத்தாழ 87,000 டன் என்றும், அப்போதுவரை போடப்பட்டிருந்த 800 கோடிக்கு மேற்பட்ட தடுப்பூசித் தவணைகளால் சிரிஞ்சுகளும் ஊசிகளும் பெட்டிகளுமாக 1,44,000 டன் கூடுதல் கழிவு உண்டானது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. தடுப்பூசிக்கான கழிவு காலமெல்லாம் நியாயப்படுத்தத்தக்கது. அந்தச் சிரிஞ்சுகள் உயிர்களைக் காத்தன. அச்சத்தால் தேவைக்கு மேல் அணியப்பட்டு எறியப்பட்ட கையுறைகளுக்கும் முழுவுடல் அங்கிகளுக்கும் அதே நியாயத்தைக் கோரமுடியாது. மருத்துவத்துறையே உலகின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 4.4 விழுக்காட்டுக்குக் காரணம் என்று 2019இல் ஒரு கணிப்பு காட்டியது. நோயைத் தீர்க்கும் தொழில் தன் செயலாலேயே வெப்பத்தையும் மாசையும் கூட்டி, நாளைய நோயாளிகளை இன்றே உருவாக்குவது அதன் அடிப்படை அறத்துக்கே முரணானது.

இம்முரணின் சுமையை முதலில் தாங்குபவர்கள் முடிவெடுக்கும் மேசையில் இடமில்லாதவர்கள். பையின் கழுத்தை முடிச்சிட அழுத்தும்போது உள்ளிருந்து நீளும் ஊசிமுனை, அதை அங்கே தவறாகப் போட்டவரின் விரலில் ஏறுவதில்லை. ஒப்பந்தக்கூலிக்கு வேலைசெய்யும் துப்புரவுப் பணியாளரின் விரலில் ஏறுகிறது. அந்தக் குத்தலோடு ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ஆகியவற்றின் அச்சமும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களும் அவர் வீட்டுக்குள் நுழைகின்றன. அவருக்கு அடுத்து, குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்குபவர். அவருக்கும் அடுத்து, எரிநிலையப் புகையின் திசையில் குடியிருப்பவர். கழிவைக் குறைப்பது இயற்கையின்பால் காட்டும் பரிவாக மட்டும் பேசப்படும்போது இம்மனிதர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள்.

தனிமனித நல்லெண்ணத்தை நம்பி இம்மாற்றத்தை விட்டுவிடவும் இயலாது. தமிழ்நாட்டுக்கு இங்கே அரிய வாய்ப்பொன்று உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளையும் பொருள்களையும் ஒரே இடத்திலிருந்து கொள்முதல் செய்கிறது; மருந்து விலையைக் குறைத்ததில் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது. விலைக்கும் தரத்துக்கும் நிபந்தனை விதிக்கும் ஒப்பந்தப்புள்ளியில், உறையின் அளவு, பிவிசி இல்லாமை, மறுபயன்பாட்டுக்கு உகந்த வடிவம், எத்தனை முறை கிருமிநீக்கலாம் என்ற சான்று ஆகியவற்றுக்கும் ஒரு வரி சேர்ந்தால், அந்த ஒரு வரி மாநிலமெங்கும் உள்ள அறுவை அரங்குகளின் கூடைகளை ஒரே நேரத்தில் இலேசாக்கும். அதோடு மையக் கிருமிநீக்கப் பிரிவுக்குப் போதிய ஆட்களும் நல்ல இயந்திரங்களும் வேண்டும். மறுபயன்பாடும் நீரும் மின்சாரமும் உழைப்பும் கேட்பது. பாதி காலியாக ஓடும் ஆட்டோகிளேவ் தன் பயனைத் தானே இழக்கும். ஆதலால் எந்தப் பொருளை மீண்டும் பயன்படுத்துவது, எதை எறிவது என்பது உணர்ச்சியால் அன்றி, அளந்து தெளிந்தே முடிவாகவேண்டும்.

மருத்துவக் கல்வியிலும் இதற்கு இடம் வேண்டும். தையலிடக் கற்கும் மாணவருக்கு, அந்தத் தையலுக்கு எத்தனை உறைகள் பிரிந்தன என்று எண்ணவும் கற்றுத்தரலாம். மாதந்தோறும் தொற்று வீதத்தை விவாதிக்கும் துறைக் கூட்டத்தில், ஓர் அறுவைக்கு உண்டான கழிவின் எடையும் அதே தாளில் இடம்பெறலாம். இரண்டு எண்களும் அருகருகே இருக்கும்போதுதான், ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்ற அச்சம் உண்மையா பொய்யா என்பது ஒவ்வொரு துறைக்கும் தன் அனுபவத்திலேயே தெரியவரும்.

வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனை சூழலைக் காப்பதாக எங்கும் சபதம் எடுக்கவில்லை; வெளியே காத்திருப்பவரையும் கணக்கில் சேர்த்தது. அவரையும் சேர்த்து எண்ணியதால்தான் ஒரு குப்பி மருந்தின் கடைசித் துளிக்கும் மதிப்பு வந்தது, குறைந்த கழிவு அதன் விளைவாகக் கூடவே வந்தது. சிகிச்சை எட்டாதவர்கள் இந்நாட்டில் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை எண்ணத்தில் கொள்ளும் மருத்துவம், வீணாக்குவதற்குத் தன்னிடம் எதுவும் மிச்சமில்லை என்பதை உணரும்; அவர்களை மறந்த மருத்துவத்துக்கு எத்தனை நிறத்தில் எத்தனை பைகள் வைத்தாலும் போதாது.